துவாய் மடித்த ரீச்சர்

போன கிழமை கீர்த்தி தொலைபேசியில் அழைத்தாள். இங்கே கனடாவில், அஜின்கோர்ட்டில் நான் கடைசியாக வேலை செய்த நேர்சிங் ஹோமில், நான் குளிப்பாட்டிய அதே குளியலறையில், இப்போது அவள் முதியவர்களைக் குளிப்பாட்டுகிறாள். வேலைக்குப் புதிது. ஒரு கிழவர் விடிந்ததில் இருந்து மனைவியைக் கேட்கிறாராம். மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். "அன்ரி, நான் ட்ரூத் சொல்லவா, லை பண்ணவா? ரெண்டுமே பிழை மாதிரித்தான் இருக்கு," என்று கேட்டு அழுதாள்.

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்திருக்கும். அவளைப்போல இந்த வேலைக்கு வந்த உங்களில் எத்தனையோ பேர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் இப்படித்தான் மழுப்பியிருக்கிறேன். பயிற்சி வகுப்பில் சொல்லித்தரும் பதில் உங்களுக்கே தெரியும்: மறதி நோய்க்காரரைத் திருத்தாதே, அவர் இருக்கும் உலகத்துக்கு நீ போ. நல்ல பதில்தான். நானும் போனேன். போன இடத்தில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன். ஆறுதலுக்காக வாசிப்பவர்கள் இத்துடன் நிறுத்தலாம். என்னிடம் அது இல்லை.

எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கனடாவுக்கு வந்து முதலில் பெட்டி அடுக்கும் ஃபக்டரி, பிறகு இந்த வேலை. என்னோடு ஒரே ஷிஃப்டில் புஷ்பா. ஊரில் பயிற்றப்பட்ட ஆசிரியை, இங்கே என்னைப்போல நீல யூனிஃபோம் போட்டுக்கொண்டு கிழவிகளுக்குக் கால் கழுவினாள். எங்களுக்கு மேலே பொறுப்பு நேர்ஸ், ஒரு யமேய்க்காக்காரி. குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்க வைக்கும் மனுசி. சமையலறையில் ஜெனி, ஹொங்கொங்கில் இருந்து வந்தவள். இவ்வளவு பேர்தான் இந்தக் கதையில் வருகிறவர்கள், தாயையும் மகளையும் தவிர.

தாய் எங்கள் பராமரிப்பில் இருந்த மறதி நோய்க்காரி, தொண்ணூறு வயதுக்கு மேல். சீனாவின் தெற்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. குளிப்பாட்டும் எங்களில் ஒருவருக்கும் அவருடைய பாஷை தெரியாது, அவருக்கு எங்களுடையது தெரியாது. எலும்பும் தோலுமான சின்ன உடம்பு. பாதங்கள் குழந்தையினுடையவை போலச் சிறியவை, விரல்கள் உள்ளுக்கு மடிந்து உள்ளங்காலோடு ஒட்டியிருந்தன. அந்தக் காலத்துச் சீன வழக்கப்படி, வளராமல் இருக்கச் சிறு வயதில் துணியால் இறுக்கிக் கட்டிப் பிறகு அவிழ்த்துவிட்ட கால்கள் என்று பொறுப்பு நேர்ஸ் சொன்னார்.  அந்தக் கால்களோடுதான் மனுசி நாள் முழுக்க நடைபாதையில் மேலும் கீழும் நடப்பார்.

பின்னால் நாங்கள் எல்லோரும் அவரை ரீச்சர் என்று கூப்பிட்டோம். ஆனால் முதலில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் துவாய்க் கள்ளி. குளித்தவர்களைத் துடைக்க நாங்கள் உலர்த்திய துவாய்களை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால், பின்னால் வந்து ஒரு கட்டை அள்ளிக்கொண்டு போய்விடுவார். கையில் வைத்திருந்தால் கையில் இருந்தே பறிப்பார். கொடுக்காவிட்டால் நகத்தால் நுள்ளுவார். பறித்த பிறகு எங்களைப் பிடித்து நடைபாதையின் மற்றப் பக்கத்துக்குத் தள்ளுவார், ஏதோ சொல்லிக் கத்துவார். ஒருநாள் புஷ்பாவின் கையில் இரத்தம் வந்துவிட்டது. சாப்பாட்டையும் தொடுவதில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் தட்டிவிட்டு மறுபடி நடைபாதைக்கு ஓடுவார். உடம்பு கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டே போனது.

முரட்டுத்தனம் என்று அறிக்கை போனது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, அமைதிப்படுத்தும் குளிசையைக் கூட்டலாம் என்றார். அந்தக் குளிசையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆள் நுள்ளமாட்டார், நடக்கமாட்டார், கதிரையில் சாய்த்த பலகைபோல இருப்பார், பிறகு எழும்பமாட்டார். எங்களுக்கு, உண்மையைச் சொன்னால், அது வசதி.  

பொறுப்பு நேர்ஸ் மட்டும், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுங்கள், மகள் வருவார், என்றார். டொக்டர் போன பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில் அவர் கேட்டதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அவ கத்துறா, கத்துறா எண்டு எழுதியிருக்கிறியள். என்ன சொல்லிக் கத்துறா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

இதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை அன்று அவர் கேட்காவிட்டால், இந்தக் கதையே கிடையாது. கேட்டதால் நல்லது நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லிக்கனில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவருக்கே எழுபதை நெருங்கும் வயது, தலை முழுக்க வெள்ளை. தையல் ஃபக்டரியில் வாழ்நாள் முழுக்கக் குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டது. வருவார், தாய்க்கு எதிரே உட்காருவார், ஒரு தோடம்பழத்தை உரித்து வைத்துவிட்டுப் போவார். எழுபது வயதுக்காரியை நாங்கள் எங்களுக்குள் 'மகள்' என்றே சொன்னோம்.

அந்த ஞாயிறு பொறுப்பு நேர்ஸ் ஜெனியைச் சமையலறையில் இருந்து கூப்பிட்டு மகளுக்கு முன்னால் இருத்தினார். ஜெனியின் புருஷனும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் அவளுக்கு அந்தக் கிராமத்துப் பேச்சு விளங்கும். தாய் வழக்கம்போல என் வண்டிலில் இருந்து துவாய்களைப் பறித்துக்கொண்டு என்னைத் தள்ளிக் கத்தினார். ஜெனி கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "இதைத் தா, நான் செய்கிறேன். மணி அடித்துவிட்டது. நீ படிக்கப் போ," என்பதுதானாம் அவர் இத்தனை மாதமும் கத்தியது.

மகள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குனிந்தபடி தோடம்பழத்தை உரித்துக்கொண்டே, தாயின் கதையை ஜெனிக்குச் சொன்னார். ஜெனி எங்களுக்குச் சொன்னாள்.

தாய் சிறுமியாக இருந்த காலத்தில் அந்த ஊரில் பெண்பிள்ளைக்குப் படிப்பு என்பதே சிரிப்புக்குரிய பேச்சு. தகப்பன் வெளியூர் போய்வந்த வணிகர், புதுக் காற்று பட்டவர். கட்டிய காலை அவிழ்க்கச் சொன்னவரும், நகரத்தில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவரும் அவர்தான். படித்து முடித்த தாய், தன் கிராமங்களுக்கே திரும்பி வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பாழடைந்த ஒரு கோயில் மண்டபம்தான் வகுப்பு. ஆனால் பிள்ளைகள் வரவில்லை. படிப்பின் பெருமையைச் சொன்னால் தகப்பன்மார் கொட்டாவி விட்டார்கள். மாமிமார் கதவைச் சாத்தினார்கள். அவள் படிக்கப் போனால் பன்றிக்கு யார் தீன் வைப்பது, தண்ணீர் யார் அள்ளுவது, தம்பியை யார் தூக்குவது என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு ரீச்சர் ஒரு பதில் கண்டுபிடித்தார். "நான் செய்கிறேன்," என்றார். வாயால் சொன்னது மட்டுமில்லை. விடியப்புறம் அந்த உடைந்த கால்களால் வீடு வீடாக நடந்து, ஒரு வீட்டில் தண்ணீர் அள்ளி, இன்னொரு வீட்டில் பன்றிக்குத் தீன் வைத்து, மற்ற வீட்டில் துணி தோய்த்து மடித்துக் கொடுத்தார். அந்தந்த வீட்டுப் பெட்டைகளுக்குப் படிக்க இரண்டு மணி நேரம் கிடைக்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போவார். முதலில் எழுதப் பழக்குவது அவளவள் பெயரை, இனிமேல் எந்தக் கடதாசியிலும் பெருவிரல் அடையாளம் வைக்கக்கூடாது என்பதற்காக. ஊர் சிரித்தது. படித்தவள் பன்றிக்குத் தீன் வைக்கிறாள் என்று பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். ஒரு வீட்டில் பெட்டையை ஒளித்துவைத்துவிட்டு, அவள் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். ரீச்சர் வாசலில் குந்திவிட்டார். மழை வந்தும் எழும்பவில்லை. கடைசியில் அந்த வீட்டுக்காரரே வெட்கப்பட்டுப் பெட்டையை வெளியே விட்டார்கள். இப்படி ஊர் ஊராக, சண்டை வந்து எல்லாம் சிதறும்வரைக்கும் செய்தாராம்.

ஜெனி சொல்லி முடித்தபோது புஷ்பா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியொரு மனுசியையா கள்ளி என்றோம்.

அதற்கு அடுத்து நாங்கள் செய்ததை யாழ்ப்பாணத்தார் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ரீச்சர் என்றால் எங்களுக்கு முதுகெலும்பு தானாக நிமிரும். வெள்ளைக்காரிகளும் பிலிப்பினோக்காரிகளும் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, புஷ்பா மறுநாள் காலை துவாய்க் கட்டை இரண்டு கையாலும் ரீச்சரிடம் நீட்டினாள், குனிந்து கும்பிட்டாள், போய்ச் சாப்பாட்டு மேசையில் கைகட்டி உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். ரீச்சர் துவாய்களை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். முடித்ததும் மேசையின் தலைமாட்டுக் கதிரையில் வந்து இருந்தார். விரலால் மேசையில் ஒரு கோடு இழுத்து எங்களைப் பார்த்தார். நாங்களும் இழுத்தோம். அவர் இன்னொன்று இழுத்தார். என்ன எழுத்து என்று எங்களுக்குத் தெரியாது. அது முடிந்ததும் எங்களோடு சேர்ந்து கஞ்சியை எடுத்துக் குடித்தார். தானாக, கரண்டியைத் தன் கையால் பிடித்து.

பிறகு அது ஒவ்வொரு நாளும் நடந்தது. வேலைக்கு வரும் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் ரீச்சர் நடைபாதையில் வந்தால் எழும்பி நின்றார்கள். நீல யூனிஃபோம் போட்டவர்கள் எல்லாம் அவருக்குப் பள்ளிக்கூடப் பெட்டைகள்தான், எங்கள் நரை அவர் கண்ணுக்குப் படவில்லை. குளிசை கூட்டவில்லை, இருந்ததையும் குறைத்தார்கள். உடம்பில் சதை பிடித்தது. மேலிடத்தில் இருந்து ஆட்கள் வந்து பார்த்து, இதல்லவோ பராமரிப்பு என்று எங்களைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த நாட்களில் பெருமை தாங்கவில்லை.

புஷ்பா ஒருநாள் துவாய் வண்டிலைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் எண்டு சும்மாவே சொன்னவை? பாருங்கோ அக்கா, ரீச்சருக்கு முதுமையில எத்தினை பிள்ளையள்."

நான் அப்போது ஓம் என்று தலையாட்டினேன். இப்போது அந்தப் பழமொழியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் மகள். நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது, ஞாயிறுகளில் மகள் வாசற்கதவருகில் வந்து நிற்பார். கையில் தோடம்பழப் பை. உள்ளே வரமாட்டார். வாருங்கள் என்று கதிரையை இழுத்துப்போட்டால், வேண்டாம் என்று கையைக் காட்டுவார். வகுப்பு முடிந்து ரீச்சர் எழும்பும்வரை நிற்பார். ரீச்சர் அவரைக் கடந்து போவார், திரும்பிப் பார்க்கமாட்டார். முதலில் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மறதி நோயில் பிள்ளைகளை மறப்பது வழக்கம்தானே. எங்களுடைய வெற்றியில் நான் குளிர்காய்ந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் நான் வேலை முடிந்து பஸ் தரிப்பில் நிற்க, அவரும் வந்து நின்றார். பனி கொட்டிக்கொண்டிருந்தது, பஸ் வரவில்லை. இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். அரைகுறைக்காரர்கள் பேசினால் ஒளித்துப் பேச முடியாது, சொல் காணாது. உங்கள் அம்மா எவ்வளவு பெரிய மனுசி என்று நான் தொடங்கினேன். அவர் ஓம் என்றார். உங்களையும் அவதான் படிப்பித்தாவோ என்று கேட்டேன்.

அவர் கையுறையைக் கழற்றி, தன் பெருவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார்.

பிறகு சொன்னதை எங்கள் பேச்சில் சொல்கிறேன். தன் தகப்பன், ரீச்சரின் புருஷன், வெளிநாட்டுக்குப் போய் அங்கேயே முடிந்துபோனார். ரீச்சர் தன் மாமியோடு இருந்தார். பள்ளிக்கூடம் நடத்தப் போவதென்றால் போ, ஆனால் இந்த வீட்டில் மருமகள் செய்யவேண்டிய வேலையை யார் செய்வது என்று மாமி கேட்டாள். ஊரெல்லாம் கேட்ட கேள்விதான். மற்ற வீடுகளுக்கு ரீச்சரிடம் பதில் இருந்தது. சொந்த வீட்டுக்கு இருந்த பதில் மகள். அவளை விட்டுவிட்டுப் போ, நீ ஊர் ஊராய்த் திரி, என்றாள் மாமி. ரீச்சர் சம்மதித்தார். ஒரு வருஷத்துக்குத்தான் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வருஷம் முடியவேயில்லை.

"அவ ஊராற்றை பிள்ளையளின்ர வேலையைச் செய்தா. அவவின்ர வேலையை நான் செய்தன். என்ர வேலையைச் செய்ய ஒருத்தரும் வரேல்ல," என்றார். அழவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வளர்ந்து, கட்டிக்கொடுக்கப்பட்டு, ஹொங்கொங் போய், கனடா வந்து, தைத்துத் தைத்து, கிழவியாகிவிட்ட தாயை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டதும் இவர்தான். தாய் வந்து ஒரே வீட்டில் எத்தனையோ வருடம் இருந்தார். பேத்தியைப் படிக்கவைத்தார், அவள் படித்துப் பெரிய ஆளாகி வேறு மாகாணம் போய்விட்டாள். மகளிடம் ஒருநாளும், உனக்கு எழுதக் காட்டித் தரவா என்று கேட்கவில்லை. ஒருமுறை வங்கியில் இவர் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோட்டைக் கிறுக்கியபோது தாய் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவமானத்தில் திருப்பினாரோ, அழத்தான் திருப்பினாரோ, மகளுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. இப்போது கேட்கலாம் என்றால் தாய்க்கு இவரையே தெரியாது. சாவதற்கு முதல் ஒருதரம், ஒரேயொரு தரம், அவ என்னை இன்னார் என்று அறிந்து பார்க்கவேண்டும், அதற்காகத்தான் வருகிறேன், என்றார்.

பஸ் வந்தது. அவர் ஏறினார். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். எனக்கு உண்மையில் யாரில் கோபப்படுவது என்று தெரியவில்லை. ரீச்சரில் கோபப்பட்டால், அவர் எழுதப் பழக்கிய அத்தனை பெட்டைகளையும் திரும்பப் பன்றித் தொழுவத்துக்கு அனுப்பவேண்டும். கோபப்படாவிட்டால், இந்த மனுசியை அங்கேயே விடவேண்டும். எங்களில் கோபப்படலாம் என்றால், நாங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த ஒருத்தியைச் சாப்பிட வைத்தோம், அதிலென்ன பிழை? பிழை இல்லை. ஆனால் நாங்கள் அந்த நேர்சிங் ஹோமுக்குள் மறுபடி ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டோம், மகள் மறுபடி அதற்கு வெளியே நின்றார்.

பொறுப்பு நேர்ஸிடம் சொன்னேன்.  அவர் சொன்னதன் சாரம் இது: பொய் சொல்வது பெரிய காரியமில்லை. அந்தப் பொய்க்குள் நோயாளிக்கு இடம் இருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறவர் குறைவு.

நானும் புஷ்பாவும் யோசித்து ஒரு வழி கண்டோம். மகளின் கையிலும் துவாய்க் கட்டைக் கொடுப்பது. ரீச்சர் அதைப் பறிப்பார், மணி அடித்துவிட்டது, போ என்பார். மகள் வந்து எங்கள் மேசையில் உட்காருவார். யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கை இவருடைய வேலையை ஒருதரம் வாங்கினால் போதும் என்று நினைத்தோம். மகளிடம் சொன்னபோது முதலில் மறுத்தார். அடுத்த ஞாயிறு வந்தபோது, தோடம்பழப் பையை என்னிடம் தந்துவிட்டு, துவாய்களைத் தாருங்கள் என்று கையை நீட்டினார். 

நடைபாதையில் ரீச்சர் வந்தார். மகள் துவாய்களோடு குறுக்கே நின்றார். ஜெனி என் பக்கத்தில். ரீச்சர் துவாய்களைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பறிக்கவில்லை. எங்களிடம் காட்டும் அதட்டல் ஒன்றும் இல்லாமல், இரண்டு கையையும் சேர்த்துக் குனிந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.  நான் ஜெனியின் கையைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் அவள் மொழிபெயர்த்தாள்.

"அம்மா, உங்கட வீட்டில ஒரு பெட்டை இருக்கிறாள். எனக்குத் தெரியும். அவளை என்னோட அனுப்புங்கோ."

எங்கள் நரையைக் காணாத கண்ணுக்கு மகளின் நரை தெரிந்துவிட்டது. யூனிஃபோம் இல்லை, வளைந்த முதுகு, வெள்ளைத் தலை. ரீச்சருக்கு அது பெட்டை இல்லை. பெட்டையைப் பூட்டி வைத்திருக்கும் வீட்டுக்காரக் கிழவி. மகளை மகளிடமே கேட்டார்.

மகள் துவாய்களைக் கீழே போட்டுவிட்டுத் தாயின் இரண்டு தோளையும் பிடித்தார். நான்தான் அந்தப் பெட்டை, உன்னுடைய பெட்டை, என்று சொன்னார். ரீச்சர் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, பழகிய ஏமாற்றத்தோடு தலையை ஆட்டினார். எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது சொல்லித்தான் ஒளிப்பார்கள் என்று ஜெனியிடம் திரும்பிச் சொன்னார். பிறகு மகளின் காலடியில், தரையில், வாசலில் குந்துவதுபோலக் குந்திவிட்டார். எங்களுக்குத் தூக்கி எழுப்ப நெடுநேரம் ஆனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்விதான். பெட்டையை அனுப்பினீங்களா? மகள் என்னைப் பார்ப்பார். பொய் சொல்லவா, உண்மையைச் சொல்லவா என்பதுதான் அந்தப் பார்வை. உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொன்னால், அது அந்தக் கிராமத்துக் கிழவிகள் எல்லோரும் சொன்ன பதில். ரீச்சருக்கு அதன் அர்த்தம் தெரியும். மகளும் வேறு வழியில்லாமல் அதைத்தான் சொன்னார். மகளைப் பூட்டிவைத்த பாட்டியின், அந்த மாமியின், வாயால் மகளே பேசினார், வாரா வாரம். நிறுத்திவிடுங்கள், வராதீர்கள் என்று ஒருதரம் நான் சொன்னேன். இவ்வளவு காலத்தில் இப்போதுதான் அவ என்னைக் கேட்டு வந்திருக்கிறா, எப்படி வராமல் இருப்பது, என்றார்.

அந்த மாரிப்பனி முடிவதற்கு முதல் ரீச்சர் நெஞ்சில் சளி இறங்கிப் போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டுக்கு மகளும், ஜெனியும், வேறு மாகாணத்தில் இருந்து வந்த பேத்தியும், நீல யூனிஃபோமோடு வேலையில் இருந்து நேரே போன நாங்கள் சிலரும்தான். அவர் தண்ணீர் அள்ளிக்கொடுத்த வீடுகளில் இருந்து ஒருவரும் வரவில்லை. யார் இருக்கிறார்கள், யார் செத்தார்கள், யார் தங்கள் பெயரை எழுதப் பழகிப் பிறகு மறந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? புஷ்பா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விம்மினாள். பழமொழி எதுவும் அவள் சொல்லவில்லை.

கீர்த்தி, நீ கேட்டதற்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். செத்த மனைவி கடைக்குப் போயிருக்கிறா என்று அந்தக் கிழவரிடம் சொல்லு, பரவாயில்லை. சொல்லமுதல் ஒருதரம் திரும்பி, அந்த அறையில் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார். பார்த்தாலும் சில நேரம் ஒன்றும் செய்ய ஏலாது. நான் பார்த்தேன். என்னால் ஏலவில்லை. அந்தக் கடைசி ஞாயிற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ரீச்சரைப் புரட்டிப் படுக்கவைக்க நானும் புஷ்பாவும் போயிருந்தோம். உலர்த்தி இன்னும் மடிக்காத துவாய்க் கட்டு கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. ஜெனி தொண்டை நனைக்கத் தண்ணீர் கொண்டுவந்து நின்றாள். மகள் தலைமாட்டில் இருந்தார். ரீச்சர் கண்ணைத் திறந்து அவரைத்தான் பார்த்தார். மூச்சு இழுத்து இழுத்து, அதே கேள்வியைக் கேட்டார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் துவாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை?

"ஓம் ரீச்சர். அனுப்பிப்போட்டன்," என்றார் மகள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவரும் தாயை ரீச்சர் என்றார். "மண்டபத்துக்குள்ள இருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்."

ரீச்சர் கண்ணை மூடினார். சரி, போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு உதடு அசைந்தது. ஜெனி குனிந்து கேட்டு, எங்களுக்கு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப அவளின்ர வேலையை ஆர் செய்யிறது?"

"நான் செய்யிறன்," என்றார் மகள்.

ரீச்சர் தலையை அசைத்தார். நன்றி சொல்வதற்குக் கையைச் சேர்க்கப் பார்த்தார், கை எழும்பவில்லை.

"விடாமச் செய்யுங்கோ. இல்லாட்டி அவளைத் திருப்பிக் கூப்பிட்டிடுவினம்."

மகள் ஓம் என்றார். கால்மாட்டில் இருந்த துவாய்க் கட்டை இழுத்து மடியில் வைத்து, ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்.